மூன்றாவது அலசல்

இறாலைக் கையில் எடுத்துவிட்டால் கன்னியம்மா யாருடனும் பேசமாட்டாள். இடது கைக் கட்டைவிரல் தலை ஓட்டின் மேல், சுண்டுவிரல் வாலுக்கு அடியில். நடுவில் இறால் வில்லாக வளைந்து துள்ளப் பார்க்கும், முடியாது. வலது கையில் ஊசி. அதற்குள் பாதியளவு, ரத்தம் உறையாமல் தடுக்கும் குளிர்ந்த திரவம் முன்பே ஏற்றியிருக்கும். வயிற்றுப் பக்கம், முதல் நீந்துகாலின் வேரருகே தோல் மெலிந்த இடத்தில் ஊசி நுழையும். குழலில் ஏறி வருவது சிவப்பல்ல. கஞ்சித் தண்ணீரில் சொட்டு நீலம் விட்டதுபோல ஒரு நிறம். பத்து எண்ணுவதற்குள் அது ஐஸ் பெட்டிக்குள் போகாவிட்டால் கூழாகிவிடும். கன்னியம்மா ஏழு எண்ணுவதற்குள் வைத்துவிடுவாள். அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும்.

"ம். இன்னா கேட்ட?"

கேட்டவர் பெரும்பாலும் அதற்குள் போய்விட்டிருப்பார்.

படூரில் நெடுஞ்சாலையைப் பார்த்தபடி நிற்கும் அந்தக் கல்லூரியின் முகப்பில் புல்வெளி உண்டு, நீரூற்று உண்டு. கன்னியம்மாவின் இடம் அதற்கு நேர் பின்னால், ஜெனரேட்டர் அறையை ஒட்டிய ஆய்வுக்கூடம். பதினாறு தொட்டிகள், ஒரு இருட்டறை, ஒரு நுண்ணோக்கி. தொட்டிகளுக்குக் காற்று ஊதும் மோட்டார் ஓயாமல் ஓடுவதால் அங்கே எல்லோரும் கொஞ்சம் உரக்கப் பேசிப் பழகியவர்கள். தெருவில் பேசும்போதும் அந்தக் குரல் இறங்குவதில்லை. கோவளத்திலிருந்து உப்புத்தண்ணீர் கொண்டுவரும் லாரி, நாவலூர்க் கட்டடங்களுக்குக் கம்பி ஏற்றிப்போகும் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு எப்போதும் தாமதமாகவே வரும்.

லாரி வந்ததும் கன்னியம்மா முதலில் விரலை நனைத்து நாக்கில் வைப்பாள். "இருவத்தெட்டு" என்பாள். பிறகு உப்புமானியை எடுத்து, ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். இருபத்தெட்டாகத்தான் இருக்கும். எப்போதாவது இருபத்தேழு. அப்படியானால் அன்று முழுக்க ஒரு மாதிரியாக இருப்பாள். நாக்கே சரியாகச் சொல்லும்போது கருவி எதற்கு என்று லாரிக்காரர் ஒருநாள் கேட்டுவிட்டார்.

"எனக்கு நானே சாட்சி சொல்லிக்கினா ஆச்சா, அண்ணாத்த?"

நேரம் எழுதுவது இன்னொரு பழக்கம். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கமாகக் கட்டியிருப்பாள். ஊசி பிடித்தபடியே பார்க்கலாம். நோட்டின் இடது ஓரம் முழுக்க மணிதான். ரத்தம் எடுத்தது 9.12. சாயம் போட்டது 9.31. டீ வந்தது 10.40. கரண்டு போனது 11.05. டீயை எதற்கு எழுத வேண்டும் என்று சிரித்தவர்களுக்கு அவளிடம் பதில் இருந்தது. "டீ வந்தா அல்லாரும் எழுந்து பூடுறீங்க. அந்த நேரத்துல எது வெயில்ல கெடந்துச்சு, எது ஐஸ்ல கெடந்துச்சு, யாருக்குத் தெரியும்?"

இவ்வளவு இறால்களைக் குத்திவிட்டு வீட்டுக்குப் போய் இறால் குழம்பு எப்படி இறங்குகிறது என்று கேட்பவர்களும் உண்டு. "ஊசி போட்டத தொடமாட்டேன். மத்தபடி வுடுவேனா?"

ஊர் தேவனேரி. மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடற்கரைச் சாலையை ஒட்டிய மீனவக் குப்பம். பிளஸ் டூ முடித்த கையோடு நெம்மேலிப் பக்கம் ஓர் இறால் பண்ணையில் தீனித்தட்டு பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தாள். குளத்தில் இறக்கிவைத்த தட்டை இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்து, எவ்வளவு தின்றிருக்கிறது என்று எழுத வேண்டும். தொண்ணூற்றாறில் ஒரு வெள்ளிக்கிழமை தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. சனிக்கிழமை இறால்கள் கரையோரம் ஒதுங்கின. ஓட்டில் அரிசி நொய் ஒட்டியதுபோல வெள்ளைப் புள்ளிகள். திங்கட்கிழமை குளத்தில் ஒன்றுமில்லை. பத்து வருஷமாகிறது. அதைப் பற்றிக் கேட்டால் ஒரே வரிதான் சொல்வாள்: "வெள்ளிக்கெழமதான் எங்களுக்குத் தெரிஞ்சுது. எறாவுக்கு எப்பத் தெரிஞ்சுதோ."

இப்போது அவள் வேலை பார்க்கும் இடத்தில் தேடுவதும் அதைத்தான். வெள்ளைப்புள்ளி வைரஸ் ஒரு செல்லுக்குள் புகுந்தால், அந்தச் செல் தன்னைத்தானே பிரித்துப் போட்டுவிடும். பிரிப்பதற்கென்றே ஒரு நொதி அதற்குள் இருக்கிறது. மற்ற நாளெல்லாம் தூங்கும். அது எந்த மணிக்குக் கண்விழிக்கிறது என்று தெரிந்தால், புள்ளி தெரிவதற்கு முன்பே பண்ணைக்காரனை எச்சரிக்கலாம். ஆனால் செல் உயிரோடு இருக்கும்போதே பார்த்தாக வேண்டும். அரைத்துச் சாறெடுத்தால் நொதி இருக்கிறதென்று தெரியும். விழித்திருக்கிறதா என்று தெரியாது.

அதற்காக வெளிநாட்டிலிருந்து ஐஸ் பெட்டியில் ஒரு பொருள் வருகிறது. ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அது 'புரோப்'. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துணுக்கின் ஒரு முனையில் கொக்கி, மறுமுனையில் பச்சை விளக்கு. விழித்திருக்கும் நொதியின் வாயில் மட்டும் கொக்கி மாட்டும், மாட்டினால் விடாது. விளக்கு மட்டும், மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் எரியும். அதனால் மாட்டாமல் செல்லுக்குள் சும்மா அலைவதையெல்லாம் வெளியே விட்டாக வேண்டும். அரைமணி ஊறவிட்ட பிறகு, உப்புக்கரைசலை மாற்றி மாற்றி மூன்று அலசல்; ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம். புரோப் தானாகத்தான் கசிந்து வெளியே வரும், அவசரப்படுத்த முடியாது.

ஒவ்வொரு சோதனைக்கும் இரண்டு தட்டுகள். ஒன்றில் நோய் கண்ட இறாலின் ரத்தச் செல்கள் அப்படியே. மற்றொன்றிலும் அதே செல்கள்தான். ஆனால் மருந்து கொடுத்து நொதியின் வாயை முன்பே அடைத்திருப்பார்கள். கொக்கிக்கு இடமிருக்காது. திறந்த தட்டு ஒளிர வேண்டும், அடைத்த தட்டு இருண்டு கிடக்க வேண்டும். அப்படி நடந்தால், ஒளிர்வது நொதியின் வேலைதான் என்று நம்பலாம்.

இரண்டு வருஷமாக அப்படித்தான் நடந்தது. பதினோரு சோதனைகளிலும் திறந்த தட்டில் ஒவ்வொரு செல்லும் பச்சையாகப் பொங்கியது. அடைத்த தட்டில் அமாவாசை. படங்களில் ஒன்றைப் பேராசிரியர் பரணிதரன் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தார். எடுத்தவள் ஸ்ரீதேவி, அவரிடம் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிக்கும் செங்கல்பட்டுப் பெண். புரோப் இருக்கும் உறைபெட்டியின் சாவி அவர்கள் இரண்டு பேரிடமும்தான் இருந்தது. கன்னியம்மா செல்களை உயிரோடு எடுத்துத் தருவதோடு சரி. நூறு செல்லுக்கு எத்தனை உயிரோடு இருக்கிறது என்று நீலச் சாயம் போட்டு எண்ணி, ("நீலம் குடிச்சுதுன்னா செத்துதுன்னு அர்த்தம்"), சோதனைத் தாளின் கீழே எண்ணையும் கையெழுத்தையும் போட்டுவிட்டுத் தொட்டி கழுவப் போய்விடுவாள்.

இந்தப் பிப்ரவரியில் ஸ்ரீதேவிக்கு அம்மை போட்டது. அதே வாரம் பணம் கொடுக்கும் துறையிலிருந்து கடிதம்: மார்ச்சில் குழு வந்து பார்த்த பிறகுதான் திட்டத்தை இன்னும் மூன்று வருஷம் நீட்டிப்பதா என்று முடிவாகும், அதற்குள் இன்னும் மூன்று சோதனைகளின் படங்கள் வேண்டும். திட்டம் நின்றால் கன்னியம்மாவின் வேலையும் அதே தேதியில் நிற்கும். அவளுடைய நியமன உத்தரவில் அப்படித்தான் போட்டிருந்தது.

பரணிதரன் யோசித்து யோசித்துக் கடைசியில் சாவியை நீட்டினார். "ஸ்ரீதேவி எழுதி வெச்ச முறை இருக்கு கன்னியம்மா. அதுல இருக்கற மாதிரியே, ஒரு எழுத்து பிசகாம செய்ங்க."

ஒரு எழுத்தும் பிசகவில்லை. திறந்த தட்டும் இருட்டு, அடைத்த தட்டும் இருட்டு.

"கைப்பழக்கம் வேணும்" என்றார் பரணிதரன், தன்மையாகத்தான்.

தன்மையாகச் சொன்னதுதான் அவளை உறுத்தியது. மறுநாள் மறுபடி செய்தாள். இருட்டு. புது இறால், புதுக் கரைசல். இருட்டு. நான்காவது தடவையும் அப்படியே ஆனதும் ஊசியை வைத்துவிட்டு ஸ்ரீதேவியின் பழைய நோட்டுகளை எடுத்துப் பிரித்தாள். முறையெல்லாம் ஒன்றுதான். நேரம்தான் எங்குமே முழுதாக எழுதப்படவில்லை. தட்டில் புரோப் விட்ட மணி மட்டும் இருந்தது. ஆனால் படமெடுத்த மணியைக் கணினி தானே குறித்து வைத்திருக்கிறது. கன்னியம்மா ஒரு தாளை நடுவில் கோடு போட்டு இரண்டையும் எதிரெதிரே எழுத ஆரம்பித்தாள்.

அடைத்த தட்டு: புரோப் விட்டது 12.30, படம் 2.05. அரைமணி ஊறல், ஒரு மணி நேர அலசல், கொஞ்சம் முன்னே பின்னே. சரி.

திறந்த தட்டு: புரோப் விட்டது 3.10, படம் 3.55.

ஊறலைக் கழித்தால் மிச்சம் பதினைந்து நிமிடம். மூன்று அலசலுக்கும் சேர்த்து.

பதினோரு சோதனைகளிலும் அதே கதை. சிலதில் பன்னிரண்டு நிமிடம்.

காரணம் அவளுக்குத் தெரிந்ததுதான். தினமும் காதில் விழுந்ததுதான். நுண்ணோக்கி ஒன்றே ஒன்று. அதனால் ஒரு தட்டை முடித்துவிட்டுத்தான் இன்னொன்று. அடைத்த தட்டில் பார்க்க ஒன்றுமிருக்காது என்பதால் அதை முதலில் முடித்துவிடுவார்கள். நல்ல தட்டு கடைசியில், பரணிதரன் வகுப்பு முடிந்து மூன்றே முக்காலுக்கு வந்து பார்ப்பதற்குத் தோதாக. நாலு இருபதுக்குச் செங்கல்பட்டு பஸ். அந்தக் கல்லூரி பஸ்ஸைத் தவறவிட்டால் ஸ்ரீதேவி கேளம்பாக்கத்தில் ஒன்று, திருப்போரூரில் ஒன்று மாறி வீடு சேர எட்டு மணி ஆகும். மூன்று அலசலிலும் மிச்சம் பிடித்த நிமிடங்கள்தான் அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தன. பொங்கி வழிந்த பச்சையெல்லாம் வெளியே வர நேரமில்லாமல் உள்ளே மாட்டிக்கொண்ட புரோப்.

அப்போதும் கன்னியம்மா யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த நாள் தலைகீழாகச் செய்து பார்த்தாள். திறந்த தட்டுக்கு முழு அலசல். அடைத்த தட்டுக்குப் பதினைந்து நிமிடம். வாய் அடைபட்ட, ஒரு கொக்கிகூட மாட்ட வழியில்லாத அந்தத் தட்டு, சுவரில் மாட்டியிருந்த படம்போலவே பச்சையாகப் பொங்கியது.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் குந்தியிருந்தவளைப் பார்த்துப் புருஷன் சின்னையன் சிரித்தான். பைபர் போட்டில் போகிறவன். இரண்டு வார்த்தைக்கு ஒருதரம் அவளைச் சீண்டாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"இன்னாம்மே, மூஞ்சி தொங்கிகினு கீது? உங்க எறாவுக்கு ஜொரமா?"

"யோவ், சொம்மாயிரு. ரெண்டு வருசமா எடுத்த படம் அத்தினியும் தப்புய்யா. நான் சொன்னா என் வேலையே பூடும்."

"சொல்லாங்காட்டி?"

"சொல்லாங்காட்டி பூடாது."

சின்னையன் பீடிச் சாம்பலைத் தட்டினான். "பூட்டா இன்னா, எங்கூட வந்து வல இஸு."

"உன் வலையில வர்ற நாலு எறாவுக்கு நான் வேறயா? போய்யா." எழுந்தவள், உள்ளே போகும்போது நின்றாள். "நாளைக்கு சொல்லிடுறேன்."

"அத்த எங்கிட்ட ஏன் சொல்ற? நீ குந்திகினு இருந்தப்பவே எனுக்குத் தெரியும்" என்றான் சின்னையன்.

மறுநாள் பரணிதரன் அவளுடைய நேரக் கணக்குத் தாளை மூன்று முறை படித்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"ரிவியூவுக்கு எட்டு நாள்தான் இருக்கு கன்னியம்மா. ஸ்ரீதேவி எடுத்ததுல அனுப்பாத படம் நிறைய இருக்கு. அதுல மூணு செட் அனுப்பிடுவோம். ரிவியூ முடியட்டும், அப்புறம் பொறுமையா எல்லாத்தையும் சரி பண்ணிக்கலாம்." துறைக்கு அனுப்பப் புதிதாக நிரப்பிய மூன்று தாள்களை அவள் பக்கம் நகர்த்தினார். "அந்த செட்டுக்கெல்லாம் செல் எண்ணினது நீங்கதானே? கையெழுத்து மட்டும் போட்டுடுங்க."

கன்னியம்மா பேனாவை எடுத்தாள். எண்களைப் பார்த்தாள். தொண்ணூற்று நாலு, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றாறு. எல்லாம் அவள் எண்ணியவை. பேனாவைத் தாளின்மேல் வைத்துவிட்டு நகர்ந்து நின்றாள்.

"உங்க கையெழுத்து செல் உயிரோட இருக்குங்கறதுக்குத்தானே? செல் உயிரோடதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு சார். செல்லு நெசம், வெளிச்சம் நெசம் இல்லியே. ஒரே தாளுல ரெண்டும் கீது. நான் எந்தப் பக்கம் போடறது?"

"திட்டம் போச்சுன்னா முதல்ல போறது உங்க வேலை. தெரியும்ல?"

"தெரியும் சார். ஆர்டர்லயே போட்டுகீது."

பரணிதரன் நாற்காலியைத் திருப்பி, சட்டத்துக்குள் இருந்த படத்தைப் பார்த்தார். அவள் பக்கம் திரும்பாமலே பேசினார். "ஹைதராபாத்ல இதக் காட்டினேன் கன்னியம்மா. எழுந்து நின்னு கை தட்டினாங்க."

"நல்லாத்தான் சார் கீது படம்" என்றாள் அவள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அது அவருக்கு இன்னும் வலித்திருக்க வேண்டும். அவளே தொடர்ந்தாள். "எட்டு நாள்ல ஆறு செட்டு போடலாம் சார். ஞாயித்துக்கெழமையும் வந்தோம்னா ஏழு. வந்தா வந்துச்சுன்னு எழுதலாம், வராங்காட்டி வரலன்னு எழுதலாம். நெம்மேலில நோவு வருதுன்னு குளத்து தண்ணிய தொறந்து வுட்டு எறாவ அள்ளறவன் நம்ம படத்தப் பாத்துத்தான் தொறப்பான். அவனுக்கு ரிவியூ கெடையாது சார்."

அவர் மூன்று தாள்களையும் எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

இரண்டு நாள் கழித்து ஸ்ரீதேவி வந்தாள், முகத்தில் அம்மைப் புண்கள் முழுதும் ஆறாமல். அவளிடம் பரணிதரன்தான் முதலில் பேசினார். அரைமணி நேரம் கழித்து அவள் தொட்டி அறைக்குள் நுழைந்தபோது கண் சிவந்திருந்தது.

"ரெண்டு வருஷ வேலைக்கா. ஒரு போன் பண்ணி எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"ஒடம்பு சரியில்லாம படுத்துகினு கீற. இத்த எப்படி போன்ல சொல்றது?"

"நீங்க டிவிஎஸ்ல ஏறிப் போயிடுவீங்க. எட்டு மணிக்குப் போய் நின்னா எங்க வீட்ல என்ன பேச்சு வரும்னு உங்களுக்குத் தெரியுமா? பதினஞ்சு நிமிஷத்துல அலசினாலே போதும்னு நினைச்சேன். படமும் நல்லா வந்துச்சு. நல்லா வர்றத யாரு சந்தேகப்படுவா?"

கன்னியம்மா கையிலிருந்த வலைக்கரண்டியை வைத்தாள். "நீ பொய் சொன்னன்னு நான் எங்கியும் சொல்லல பாப்பா. எத்தினி நிமிசம்னு மட்டுந்தான் எழுதிக் குடுத்தேன்."

ஸ்ரீதேவி மூக்கை உறிஞ்சினாள்.  பிறகு, கோபம் தீராத அதே குரலில் கேட்டாள். "நீங்க போட்டதுல ஒன்னுமே தெரியலன்னீங்களே. லைட்ட அணைச்சு எவ்ளோ நேரம் இருட்டுல உக்காந்தீங்க?"

"எங்க குந்தினேன்? அணைச்சேன், பாத்தேன்."

"ஐயோ அக்கா! முழுசா அலசினா மிச்சம் இருக்கறது கொஞ்சம்தான் இருக்கும். கண்ணு இருட்டுக்குப் பழகவே கால் மணி ஆகும். கேமராவும் நான் அந்தப் பெரிய வெளிச்சத்துக்கு வெச்ச கணக்குல இருக்கு, அதுல மங்கலா இருக்கறது பதியாது."

கன்னியம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். நோட்டைத் திறந்து, 11.20 என்று குறித்து, அதற்கு எதிரே எழுதினாள்: 'இருட்டில் உட்காராமல் பார்த்தது என் தப்பு. நான்கு செட்.' எழுதியதை ஸ்ரீதேவி பக்கம் திருப்பிக் காட்டினாள். ஸ்ரீதேவி படித்தாள். பிறகு கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

இந்த முறை பார்ப்பவர்களுக்கே எந்தத் தட்டு எது என்று தெரியக்கூடாது என்று கன்னியம்மா சொல்லிவிட்டாள். தெரிந்தால் கண் அந்தப் பக்கம் சாயும். அவர்கள் இருவரும் வராந்தாவில் போய் நிற்க, பரணிதரன் ஒன்றை அடைத்து ஒன்றைத் திறந்து விட்டு, அடியில் பெயரெழுதி, அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டினார். பிறகு இவர்கள் உள்ளே வந்து புரோப் விட்டார்கள். இரண்டு தட்டுக்கும் ஒரே ஊறல், ஒரே அறுபது நிமிடம். இரண்டாவது தட்டு அரைமணி பின்னால்.

முதல் தட்டின் இரண்டாவது அலசல் நடக்கும்போது வெளியே ஹாரன் கேட்டது. செங்கல்பட்டு பஸ் டிரைவர் திருவேங்கடம் இரண்டு முறை சின்னதாக அடிப்பார், மூன்றாவதாக நீளமாக அடிப்பார், பிறகு கிளம்பிவிடுவார். நீண்ட ஹாரன் வந்தது. ஸ்ரீதேவி கரைசல் குப்பியைப் பிடித்தபடி நின்றாள். கன்னியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"இன்னா அண்ணாத்த, கல்யாண ஊர்வலமா? இம்மாம் சவுண்டு வுட்டுகினு கீற?"

"அந்தப் பொண்ணு வர்ல? நான் எத்தினி நேரம் நிக்கறது?"

"வராது. இன்னிக்கு மட்டும் இல்ல, ஆறு நாளுக்கு வராது. நான் வண்டில கொண்டும்போயி திருப்போரூர்ல ஏத்திவுட்டுடறேன். நீ கெளம்பு."

"அதுங்கப்பா எனுக்கில்ல போன் போடுவாரு!"

"எங்கிட்ட குடு. நான் பேசிக்கறேன்."

பஸ் போன சத்தம் அடங்கியதும் அவள் திரும்பி வந்தபோது, ஸ்ரீதேவி மூன்றாவது அலசலுக்குக் கரைசலை ஊற்றிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து நோட்டின் இடது ஓரத்தில் மணி எழுதிக்கொண்டிருந்தாள்.

இருட்டறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். விளக்கு அணைந்தது. கால் மணி நேரம் செய்வதற்கு ஒன்றுமில்லை. மோட்டார் மட்டும் சுவருக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா" என்றது ஸ்ரீதேவியின் குரல். "ரெண்டுமே இருட்டா இருந்துச்சுன்னா?"

"இருட்டுன்னு எழுதுவோம்."

"அப்புறம்?"

"அப்பால நான் வல இஸ்ப்பேன். நீ செங்கல்பட்டுல டியூசன் எடு. சார் இன்னா பண்ணுவாருன்னு எனுக்குத் தெரியல."

இருட்டில் பரணிதரன் சிரித்த மாதிரி இருந்தது. இருமலாகவும் இருக்கலாம்.

முதல் தட்டை ஸ்ரீதேவி பார்த்தாள், பிறகு கன்னியம்மா. தனித்தனியாக எண்ணினார்கள், ஒருவர் எண்ணியதை மற்றவர் கேட்கக்கூடாது. கையில் அழுத்தினால் எண் ஏறும் கருவியின் சத்தம் எப்போதாவது கேட்டது. டிக். வெகுநேரம் கழித்து இன்னொரு டிக். எண்களை மடித்த சீட்டில் எழுதிப் பரணிதரனிடம் கொடுத்தார்கள். பிறகு இரண்டாவது தட்டு. கன்னியம்மா கண்ணை வைத்தாள். பொங்கும் பச்சை இல்லை. செல்லின் ஓரமாக, மணல் ஒட்டியதுபோல, ஊசிமுனைப் பொட்டுகள். கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். அவை அங்கேயே இருந்தன. டிக், டிக், டிக் என்று கருவி ஓட ஆரம்பித்தது.

விளக்கைப் போட்டபோது எல்லோரும் கண்ணைச் சுருக்கினார்கள். பரணிதரன் சீட்டுகளைப் பிரித்தார். முதல் தட்டு, நூறு செல்லுக்கு ஸ்ரீதேவி ஐந்து, கன்னியம்மா ஆறு. இரண்டாவது தட்டு, நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு.

 எந்தத் தட்டு எது என்பது இன்னும் பிளாஸ்திரிக்கு அடியில்தான் இருந்தது. எழுதியவர் பரணிதரன்; ஆனால் அலசும்போது தட்டுகள் இடம் மாறியதில் அவருக்கும் தெரியாது. கன்னியம்மா இரண்டாவது தட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, நகத்தால் பிளாஸ்திரியின் ஓரத்தை நெம்பி, மெதுவாக உரித்தாள்.

'திறந்தது.'

ஸ்ரீதேவி வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பரணிதரன் இன்னொரு தட்டையும் தானே உரித்துப் பார்த்தார். 'அடைத்தது.'  "வந்துடுச்சு" என்றார். "கன்னியம்மா, வந்துடுச்சு! முப்பத்தெட்டு! மங்கலா இருந்தா என்ன, இதுதான் நிஜம். நான் இப்பவே டில்லிக்குப் போன் பண்றேன்." கதவை நோக்கி நடந்தவர் பாதியில் நின்றார். கன்னியம்மா அசையவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தார்.

அவள் ஐஸ் பெட்டியைத் திறந்து, மீதமிருந்த செல்களில் இரண்டு புதுத் தட்டுகளை நிரப்பிக்கொண்டிருந்தாள். நிரப்பி முடிக்கும் வரை பேசவில்லை. இரண்டையும் மேசையில் அருகருகே வைத்தாள். பக்கத்தில் பேனாவையும் பிளாஸ்திரிச் சுருளையும் நகர்த்தினாள்.

"ஒரு தபா வந்தா போதுமா சார்? மறுபடி ஒன்ன அடைச்சு, எங்களுக்குத் தெரியாம எழுதி ஒட்டுங்க."

வராந்தாவுக்குக்கூடப் போகவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரை ஒட்டி, மூக்கு சுண்ணாம்பில் இடிக்கும் அளவுக்குத் திரும்பி நின்றுகொண்டாள்.